வெளிநாட்டு வேலை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, என் மகன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். வெல்டிங் வேலை நன்றாகத் தெரியும். துபாய்க்கு அனுப்ப எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் 1,20,000 ரூபாய் கேட்கிறார். "முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே போனதும் கம்பெனி வேலை விசாவாக மாற்றிக் கொடுத்துவிடும், எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்" என்கிறார். நகையை அடகு வைத்து 50,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். அனுப்பலாமா?
- பரமக்குடி வாசகர்

பதில்: அனுப்ப வேண்டாம். கொடுத்த பணத்தை நினைத்து மனம் தடுமாறும் என்பது தெரியும். ஆனாலும் மகன் விமானம் ஏறாமல் இருக்கும் வரைதான் இந்தப் பிரச்சினை உங்கள் கைக்குள் இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பதால் உங்கள் மகனின் பாஸ்போர்ட் 'இ.சி.ஆர்.', அதாவது குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாத ஒருவர் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல வேண்டுமானால், 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, 'குடியேறுவோர் பாதுகாவலர்' என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதியைப் பெற்ற பிறகே செல்ல வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளம் வழியாகப் போகிறது. இந்த அனுமதியைத் தாண்டிப் போவதற்காகத்தான் ஏஜென்டுகள் விசிட் விசாவைக் காட்டுகிறார்கள். அனுமதி கேட்டால் வேலை ஒப்பந்தம், சம்பளம், கம்பெனியின் பெயர் எல்லாம் அதிகாரியின் பார்வைக்குப் போய்விடும். விசிட் விசாவில் அனுப்பினால் எதையும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

அமீரகத்துக்குள் இருந்தபடியே விசிட் விசாவை வேலை விசாவாக மாற்றும் வழி இருப்பது உண்மைதான். ஆனால் வேலை அனுமதி கைக்கு வரும் வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் கம்பெனிக்கு 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1,00,000 திர்ஹம் முதல் 10,00,000 திர்ஹம் வரை அபராதம் உண்டு. தொழிலாளியும் தப்ப முடியாது. பிடிபட்டால் ஊருக்கு அனுப்பப்படுவார். அதைவிடப் பெரிய ஆபத்து சம்பளம் வராமல் போவது. தொழிலாளர் அமைச்சகத்தின் கணினியில் அவர் பெயரே இருக்காது. "இவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை" என்று கம்பெனி ஒரே வரியில் சொன்னால் அதை மறுக்க ஒரு தாளும் அவர் கையில் இராது.

இனி அந்த 1,20,000 ரூபாயைப் பற்றி. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். பதிவு எண் இல்லாமல் ஆள் அனுப்புவது இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். "நான் பெரிய ஏஜென்டின் ஆள்" என்று சொல்லும் ஊர் சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இ-மைக்ரேட் தளத்தில் முகவரின் பெயரையோ பதிவு எண்ணையோ தேடினால், பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்பது தெரிந்துவிடும். பரமக்குடியில் ஏதேனும் ஒரு பிரவுசிங் சென்டரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். அதை நாளைக்கே செய்யுங்கள். பெயர் இல்லையென்றால் கொடுத்த 50,000 ரூபாய்க்கான சான்றுகளோடு, அதாவது ஜிபே பதிவு, வாட்ஸ்அப் செய்தி, கொடுத்தபோது உடனிருந்தவர் என எது இருந்தாலும் சேர்த்துக்கொண்டு, காவல் நிலையத்திலும் குடியேறுவோர் பாதுகாவலரிடமும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

மகனுக்கு வெல்டிங் தெரியும் என்றால் நேர்வழியிலேயே வேலை கிடைக்கும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. அங்கே பதிவு செய்து வையுங்கள். முறையாகப் போகும்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடும் கட்டாயமாகச் சேர்ந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போகிறவருக்கு இது கிடையாது.

கேள்வி: என் கணவர் ஷார்ஜாவில் கட்டுமான கம்பெனியில் வேலை செய்கிறார். முறையான விசா, லேபர் கார்டு எல்லாம் இருக்கின்றன. மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. பாஸ்போர்ட்டையும் கம்பெனியே வைத்திருக்கிறது. வெளியே வேறு வேலை இருப்பதாகச் சொல்லி கேம்ப்பை விட்டுப் போய்விடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
- ஒரத்தநாடு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. இன்று இரவே அவரிடம் பேசி, புகார் பதிவு செய்வதற்கு முன்னால் கேம்ப்பை விட்டு வெளியேற வேண்டாம் என்று சொல்லுங்கள். தகவல் சொல்லாமல் தொடர்ந்து ஏழு நாட்களுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால், அவர் தலைமறைவாகிவிட்டதாகக் கம்பெனி புகார் கொடுக்க முடியும். அது பதிவாகிவிட்டால் ஓராண்டுக்கு வேறு வேலை அனுமதி கிடைக்காது; வெளியே எங்கே வேலை செய்தாலும் அது சட்டவிரோதம் ஆகிவிடும். சம்பளம் தராத கம்பெனி அப்போது புகார்தாரர் ஆகிவிடும். சம்பளம் வாங்காதவர் குற்றவாளி ஆகிவிடுவார். எனக்கு வரும் கடிதங்களில் மிகவும் மனம் வருந்த வைப்பவை இப்படிப்பட்டவைதான், ஏனென்றால் நியாயம் முழுவதும் தொழிலாளியின் பக்கம் இருந்தும் ஒரு நாள் அவசரத்தில் அது கைமாறிப் போயிருக்கும்.

அமீரகத்தில் தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ளது. தொழிலாளியின் பாஸ்போர்ட் முதலான ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று கம்பெனி சொல்வது சட்டத்தின் முன் பதிலாகாது. சம்பளத்தைப் பொறுத்தவரை, 2009 முதல் அங்கே ஊதியப் பாதுகாப்பு முறை உள்ளது. வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் சம்பளம் போட வேண்டும். போடப்பட்டதா இல்லையா என்பது அமைச்சகத்துக்குத் தெரியும். ஆகவே மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்பதை உங்கள் கணவர் தனியாக நிரூபிக்கப் பெரும்பாடு பட வேண்டியதில்லை.

அமீரக மனிதவள அமைச்சகத்தின் செயலியிலோ 80084 என்ற தொழிலாளர் புகார் எண்ணிலோ லேபர் கார்டு எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அமைச்சகம் முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அதில் முடியாவிட்டால், 50,000 திர்ஹமுக்கு மேற்படாத கோரிக்கைகளில் அமைச்சகமே முடிவெடுக்கலாம். அதற்கு மேற்பட்டவை நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு லட்சம் திர்ஹம் வரையிலான வழக்குகளுக்குத் தொழிலாளி நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போது இரண்டு மாதங்கள் வரை சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடவும் அமைச்சகத்துக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி தன் கடமையைச் செய்யவில்லை என்றால் நோட்டீஸ் காலம் இல்லாமலேயே வேலையை விடலாம். ஆனால் விடுவதற்கு 14 வேலை நாட்களுக்கு முன்பே அமைச்சகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நீங்கள் ஊரிலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் புகார் பதிவு செய்யலாம். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையமும் உள்ளது.

புகாருக்கு முன் ஒரு சிறு வேலை. லேபர் கார்டு, விசா பக்கம், ஒப்பந்தம், கடைசியாகச் சம்பளம் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, வேலை நேரத்தைக் குறிக்கும் கார்டு ஆகியவற்றைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேம்ப்பில் போன் தொலைந்தாலும் உங்களிடம் அவை இருக்கும்.

கேள்வி: தம்பி சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறான். வேலை செய்யும்போது இரும்பு விழுந்து கைவிரல்கள் நசுங்கிவிட்டன. கம்பெனி இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கிக் கொடுத்துவிட்டு 'லைட் டூட்டி' என்கிறது. பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பப் பார்ப்பதாகவும் சொல்கிறான்.
- அறந்தாங்கி வாசகர்

பதில்: சிங்கப்பூரின் பணிக்காய இழப்பீட்டுச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. யாருடைய தவறால் விபத்து நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. வேலையின்போது காயம்பட்டார் என்பதே போதும். மருத்துவச் செலவு, எம்.சி. நாட்களுக்கான சம்பளம், விரல்களில் நிரந்தரக் குறை ஏற்பட்டால் அதற்கான இழப்பீடு ஆகிய மூன்றும் உண்டு. 2020 செப்டம்பர் முதல் லைட் டூட்டி நாட்களுக்கும் அவருடைய சராசரி வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனிதவள அமைச்சகத்தில் கோரிக்கை பதிவாக வேண்டும். பெர்மிட் ரத்தானாலும் இந்த உரிமை ரத்தாகாது.

தம்பி கம்பெனி அழைத்துப் போகும் கிளினிக்கோடு நிற்காமல் அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். விபத்து எப்போது, எங்கே, எப்படி நடந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி எழுத வைக்கட்டும். "அறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு" என்று சூப்பர்வைசர் சொன்னால் அதற்கு இணங்கவே கூடாது. வழக்கு முடியக் காத்திருக்கும் காலம் கடினமானது. பெரும்பாலும் வேலை செய்ய அனுமதி இருக்காது. அப்படிக் காத்திருப்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவின் கஃப் ரோடு பெயரிலான திட்டத்தின் வழியாக ஒரு தொண்டு அமைப்பு 2008 முதல் இலவச உணவு கொடுத்து வருகிறது; வழக்குக்கும் வழி சொல்வார்கள். வெள்ளைத் தாளிலோ புரியாத மொழியில் உள்ள தாளிலோ தம்பி கையெழுத்துப் போடக் கூடாது.

கேள்வி: என் அக்காவுக்கு 27 வயது, ஐந்தாம் வகுப்பு படித்தவர். குவைத்தில் வீட்டு வேலைக்கு அழைக்கிறார்கள். போகலாமா?
- கடலூர் வாசகி

பதில்: இப்போது சட்டப்படி போக முடியாது. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் அந்த 18 நாடுகளில் வீட்டு வேலைக்குச் செல்லக் குறைந்தது 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அப்போதும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் செல்ல வேண்டும். வயதை மாற்றிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்காதீர்கள்.

கேள்வி: அபுதாபியில் ஆறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ராஜினாமா செய்யப் போகிறேன். சம்பளம் 2,000 திர்ஹம். "நீயாக விலகினால் பணிக்கொடை பாதிதான்" என்கிறார் போர்மேன். உண்மையா?
- திருவாரூர் வாசகர்

பதில்: பழைய சட்டத்தில் அப்படி ஒரு குறைப்பு இருந்தது; 2022 முதல் இல்லை. ராஜினாமா செய்தாலும் முழுப் பணிக்கொடையும் உங்களுக்கு உரியது.

ஆனால் கணக்கு 2,000 திர்ஹமில் போடப்படாது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) ஒரு வரியிலும், தங்குமிடம், போக்குவரத்து அலவன்ஸ்கள் அடுத்தடுத்த வரிகளிலும் இருக்கும். பணிக்கொடை பேசிக்கில் மட்டும்தான். உங்கள் பேசிக் 1,200 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 40 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் வீதம் 840, ஐந்துக்கும் சேர்த்து 4,200. ஆறாம் ஆண்டுக்கு 30 நாள், அதாவது 1,200. மொத்தம் 5,400 திர்ஹம். வேலைக்குச் சேரும்போதே பேசிக் எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான். வேலை வாய்ப்புக் கடிதம் தமிழிலும் கிடைக்கும்; கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

எடுக்காத ஆண்டு விடுப்புக்கான பணம் இதில் சேரவில்லை, அது தனி. வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எல்லாப் பாக்கியையும் கம்பெனி தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை கோரிக்கை வைக்கலாம். "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.