‘அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்ததிலிருந்து ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அரசுகளின் அத்துமீறல்களை எதிர்த்துப் பேசியவர்கள் பெரும்பாலும் சிறைக்குப் போனார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள். குடும்பத்தைத் தவிக்கவிட்டுப் பேசி அவர்கள் என்ன கண்டார்கள்? பேசுகிறவர்களிலும் பலர் தங்களுக்குப் பிடிக்காத அரசைப் பற்றி மட்டும்தானே வாய் திறக்கிறார்கள்? சென்ற வாரம், ஓர் இளைஞரைச் சீருடையினர் அடித்து இழுத்துச் செல்லும் காணொளி ஒன்று எனக்கு வந்தது. பகிர நினைத்தேன், பிறகு தயங்கி நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பேசியதால் அந்த நேரத்தில் அந்த உயிர் காப்பாற்றப்பட்டதா என்று கேட்டால், பல சமயங்களில் இல்லை என்பதே பதில். காப்பாற்றப்பட்டதும் உண்டு. 1973-இல் பிரேசிலின் ராணுவ ஆட்சி பேராசிரியர் லூயிஸ் பாசிலியோ ரோஸியைக் கைது செய்தபோது, அம்னெஸ்டி என்ற சர்வதேச மனித உரிமை அமைப்பு தன் முதல் அவசர வேண்டுகோளை அவருக்காகவே விடுத்தது. பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. அவர் உயிரோடு வெளியே வந்தார். ஆனால் இத்தகைய வெற்றிகளை மட்டும் உங்கள் முன் அடுக்கினால் அது நேர்மையாகாது. காப்பாற்றப்படாதவர்களை வைத்தே பேசுவோம்.

1976-இல் ஆட்சியைக் கைப்பற்றிய அர்ஜென்டினா ராணுவம், ஆட்களை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தூக்கிச் சென்று ரகசிய முகாம்களில் அடைத்தது. கைதுக் குறிப்பு கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது, உடலும் கிடையாது. பெற்றோர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்குப் போனால், அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை என்ற பதில் வந்தது. கொலையைக் காட்டிலும் இந்த மறுப்பில்தான் அந்த ஆட்சி தன் பாதுகாப்பைத் தேடியது என்பது என் எண்ணம். இறந்தவர் என்று ஒருவரே இல்லாதபோது யாரைத் தண்டிப்பது?

1977 ஏப்ரல் 30 அன்று, அதே பதிலைக் கேட்டுச் சலித்த தாய்மார்கள் சிலர் புவெனஸ் அயர்ஸில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். நெருக்கடி நிலையில் கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று காவலர்கள் விரட்டியதால், இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தின் நடுவிலுள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி நடந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளக் குழந்தைகளுக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். பைத்தியக்காரிகள் என்று ஆட்சியாளர்கள் அவர்களை ஏசினார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர், தன் மகன் நெஸ்டோரைத் தேடி வீதிக்கு வந்தவர். குடும்பத்தைத் தவிக்கவிட்டுப் பேசினார்கள் என்கிறீர்கள். தவித்த குடும்பங்களேதான் அங்கே பேசின.

அந்த ஆண்டு டிசம்பரில், காணாமல்போனவர்களின் பெயர்களை நாளிதழில் விளம்பரமாக வெளியிடுவதற்கு அவர்கள் பணம் திரட்டினார்கள். சகோதரனைத் தேடுபவன் போல் நடித்து அவர்களோடு பழகிய கடற்படை அதிகாரி அல்ஃப்ரெடோ அஸ்தீஸ் அவர்களைக் காட்டிக்கொடுத்தார். மனித உரிமை நாளான டிசம்பர் 10 அன்று விளம்பரம் வெளிவந்தது. அந்த இதழை வாங்கப் புறப்பட்ட அசுசேனாவும் கடத்தப்பட்டார். அவரையும் வேறு சிலரையும் விமானத்திலிருந்து கடலில் எறிந்தார்கள். கரை ஒதுங்கிய உடல்கள் பெயரில்லாமல் புதைக்கப்பட்டன.

உங்கள் கணக்குப்படி அவருடைய பேச்சு அங்கே தோற்றுவிட்டது. அதன் பிறகு நடந்தவற்றையும் பாருங்கள். 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் ராணுவத்தினர் மீதான வழக்குகளுக்கு முட்டுக்கட்டை போட்டன. தாய்மார்கள் வாரந்தோறும் நடப்பதை நிறுத்தவில்லை. 2003-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. 2005-இல் தடய மானுடவியலாளர்கள் அந்தக் கல்லறையிலிருந்த எலும்புகளை அசுசேனாவுடையவை என உறுதிப்படுத்தினார்கள். உயரத்திலிருந்து விழுந்தால் ஏற்படும் முறிவுகள் அவற்றில் இருந்தன. அஸ்தீஸுக்கு 2011-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இதற்கிடையே 2010-இல், அன்று பயன்படுத்தப்பட்ட விமானம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது; அதன் பயணக் குறிப்பேடுகளும் கிடைத்தன. 2017-இல் அதன் விமானிகள் ஆயுள் தண்டனை பெற்றார்கள். நாற்பது ஆண்டுகள் என்பது கொடிய தாமதம். அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் எலும்பு இன்னாருடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க, இன்னாரைக் காணவில்லை என்று விடாமல் சொல்லிவந்தவர்கள் இருந்தாக வேண்டும். ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட முயன்றவர்களைக் கொல்லத் துணிந்த ஆட்சி, அந்தப் பட்டியலின் வலிமையை நம் இருவரையும்விட நன்றாகவே அறிந்திருந்தது.

பிடிக்காத அரசை மட்டும் பேசுகிறார்கள் என்ற உங்கள் குறை உண்மைதான். எனக்கும் அது வருத்தம் தருகிறது. ஆனால் பேசுகிறவரின் பாரபட்சத்தால் அடிபட்டவரின் காயம் பொய்யாகிவிடாது. பாரபட்சமில்லாமல் பேசியவர்களும் இருந்திருக்கிறார்கள். சோவியத் ஒன்றியத்தில் 1968 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு அருகில் ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ என்ற இதழ் ரகசியமாக வெளிவந்தது. கார்பன் தாள்களை அடுக்கித் தட்டச்சு செய்வார்கள். கிடைத்தவர் மேலும் சில படிகள் எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். கிரிமியத் தாத்தாரியர், பாப்டிஸ்டுகள், லிதுவேனியக் கத்தோலிக்கர், உக்ரேனியர் என ஒருவரோடொருவர் உடன்படாதவர்களின் வழக்குகளும் அதில் அருகருகே பதிவாயின. வசை இல்லை, அடைமொழி இல்லை. கைதான நாள், சட்டப் பிரிவு, தண்டனைக் காலம், அவ்வளவுதான். பிழை நேர்ந்தால் அடுத்த இதழ்களில் திருத்தினார்கள். அதைத் தொகுத்தவர்களில் ஒருவரான உயிரியலாளர் செர்கேய் கவல்யோவ் 1974-இல் கைதாகி, ஏழாண்டு உழைப்பு முகாமிலும், பிறகு மூன்றாண்டு நாட்டுக்குள்ளேயே தொலைதூர ஊரிலும் தண்டனை அனுபவித்தார். சோவியத் வீழ்ந்த பின் புதிய ரஷ்ய அரசில் மனித உரிமைப் பொறுப்பை ஏற்ற அவர், 1994-இல் அதே அரசு பிரிந்துபோக முயன்ற செச்சன்யா மீது குண்டு வீசியபோது அதன் தலைநகர் க்ரோஸ்னியில் இருந்துகொண்டு, கண்டதை உலகுக்குச் சொன்னார். மறு ஆண்டே அவரை மனித உரிமை ஆணையர் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

இனி அந்தக் காணொளி. தயங்கியது சரி, தயங்கியதோடு விட்டுவிட்டது சரியில்லை என்று நினைக்கிறேன். அது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, பழைய காணொளியைப் புதிதென்று யாராவது பரப்புகிறார்களா என்று முதலில் பாருங்கள். செயலிகள் வழியாகக் கைமாறும்போது கோப்பு சுருங்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே மூலக்கோப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அதை வெட்டவோ அதன்மீது எழுதவோ வேண்டாம். அந்த நாட்டில் இத்தகைய சம்பவங்களை ஆவணப்படுத்தும் உரிமை அமைப்பு எதுவோ அதற்கு அனுப்புங்கள். அருகில் நின்றவர்களின் முகம் தெரிந்தால் பொதுவெளியில் பகிராதீர்கள். அடுத்து அவர்களைத் தேடி வருவார்கள். இளைஞரின் குடும்பத்தார் அவர் பெயரை வெளியே சொல்லியிருந்தால் மட்டும் நீங்களும் சொல்லுங்கள். அழித்துவிட்டிருந்தீர்கள் என்றால், அனுப்பியவரிடம் இன்றே கேட்டு வாங்கிவையுங்கள்.

அன்புடன்.