சுடுதண்ணிக்குக் கீழே நிற்கும் மகன்

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 24 வயது. ஒன்றரை வருடத்தில் ஐந்து தரம், இரண்டு மூன்று நாள் விடாமல் சத்தி எடுத்துவிட்டான். இடையில் நல்ல சுகமாக இருப்பான். ஸ்கான், எண்டோஸ்கோபி எல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் இல்லையாம். சத்தி நாட்களில் சாமம் என்றும் பாராமல் சுடுதண்ணியைத் திறந்துவிட்டு அதற்குக் கீழேயே நிற்கிறான். கண்ணூறு என்று மாமி தேசிக்காய் வெட்டினா. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, தேசிக்காய் ஊறுகாய்க்காவது உதவும், விடுங்கள். எனக்கு ஸ்கானைவிடப் பெரிதாகப் பட்டது அந்தச் சுடுதண்ணிதான். மகன் கஞ்சா பாவிக்கிறானா?

கோபிக்காதீர்கள். தினமும், வருடக்கணக்காகப் பாவிப்பவர்களில் சிலருக்கு இப்படிச் சுழற்சியாகச் சத்தி வரும். அவுஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குப் பக்கத்து மலைப்பகுதி நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் 2004இல் இதை எழுதினார்கள். அவர்கள் கண்ட விசித்திரமும் இந்தக் குளிப்புத்தான்.

என்னிடம் வந்த ஒரு பெடியன், றெஸ்ரோறண்ட் குசினியில் வேலை. மூன்று மணி நேரம் குளித்து, தண்ணித் தாங்கி முடிந்து பச்சைத்தண்ணி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டான். விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கிக் கிடந்தது, வயிற்றுத் தோல் சிவந்திருந்தது. கஞ்சாவை விடு என்றேன். "சத்தியை நிப்பாட்டத்தானே டொக்டர் இழுக்கிறன்" என்றான்.

அவனிலும் பிழை இல்லை. புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்குக் கஞ்சாச் சத்தைப் போலவே செய்த மருந்தை மாத்திரையாகக் கொடுக்கிறோம். ஆனால் நாள்பட்டு அதிகமாகப் பாவிக்கும் சிலரில் அதே சாமான் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது.

சுடுதண்ணி ஏன் ஆற்றுகிறது? சூட்டை உணரும் நரம்பு வாசலும் செத்தல் மிளகாயின் உறைப்பை உணரும் வாசலும் ஒன்றுதான். அதைத் தட்டினால் குமட்டல் அடங்குகிறது என்று நினைக்கிறோம். அதனால் எமர்ஜென்சியில் சிலவேளை மிளகாய்ச் சத்துள்ள கிறீமை வயிற்றில் பூசுவதுண்டு. அதற்காக வீட்டுத் தூளைக் குழைத்துப் பூசிவிடாதீர்கள்!

கஞ்சா தொடாதவர்களுக்கும் இப்படிச் சத்தி வரலாம். ஒற்றைத் தலையிடி உள்ள குடும்பங்களில் அது அதிகம். ஆகவே முதலில் அவனிடம் கேளுங்கள், மாமி இல்லாத நேரமாகப் பார்த்து. இங்கே கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து கஞ்சா சட்டபூர்வம். டொக்டரிடம் சொன்னால் பொலிஸ் வரும் என்ற பயம் வேண்டாம். அவன் சம்மதிக்காமல் டொக்டர் உங்களுக்கும் சொல்லமாட்டார்.

"ஓம்" என்றானானால், தீர்வு முழுதாக விடுவதுதான். குறைத்தால் போதாது. கஞ்சாச் சத்து கொழுப்பில் தங்குவதால் விட்ட கையோடு சுகம் வராது, வாரங்கள் எடுக்கலாம். ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பத் தொட்டால் சத்தியும் திரும்ப வரும். என் குசினிப் பெடியன் இரண்டு தரம் அப்படி வந்தான்.

அடுத்த தரம் சத்தி தொடங்கினால் குளிப்பை நம்பி இருக்கவேண்டாம். சூட்டில் வேர்த்து இன்னும் தண்ணி வற்றும், சிறுநீரகம் பழுதாகலாம். சலம் போவது குறைந்தாலோ, தலை சுற்றினாலோ, குடித்த தண்ணியும் தங்காவிட்டாலோ உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். கஞ்சா, குளிப்பு இரண்டையும் அவனே அங்கே சொல்லட்டும். வழமையான சத்தி ஊசி இதற்குப் பலவேளை கேட்காது. தெரிந்தால் வேறு மருந்து கொடுப்பார்கள்.