வாசகர் கேள்வி பதில்: மேயர் பிராண்டும் அவருடைய கூட்டணிகளும்

கூட்டணி ஆட்சியிலேயே வளர்ந்து, அதிலும் மரியாதை கெடாமல் நின்ற தலைவர் யார் என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, போன இதழில், மேற்கு ஜெர்மனியை ஆண்ட வில்லி பிராண்ட் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவரைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று பல கடிதங்கள் வந்திருப்பதால் இந்த வாரப் பக்கம் முழுக்க அவருக்கே. நான் மனதார மதிக்கும் மனிதர், அதனால் சில பதில்கள் நீளும்.

கேள்வி: ஒரு நகரத்தின் மேயர் எப்படி நாட்டையே ஆளும் இடத்துக்கு வந்தார்? (மதுரை வாசகர்)

அவர் வகித்தது நம் மாநகராட்சி மேயர் பதவி மாதிரி இல்லை. மேற்கு பெர்லினின் 'ஆளும் மேயர்' கிட்டத்தட்ட ஒரு மாநில முதல்வர், அவருக்கென்று செனட் என்ற அமைச்சரவையே உண்டு. நகரமும் அன்றைக்குச் சாதாரண நகரம் இல்லை. சுற்றிலும் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி, உள்ளே காவலுக்கு அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள். அங்கே மேயர் தும்மினாலும் வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் கேட்கும்.

பிராண்ட் 1913-இல் லூபெக் நகரத்தில் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் ஹெர்பெர்ட் ஃப்ராம். ஹிட்லர் வந்ததும் 1933-இல், 19 வயதில், நார்வேக்குத் தப்பி ஓடினார். தலைமறைவு வேலைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான் வில்லி பிராண்ட், அதுவே கடைசிவரை நிலைத்துவிட்டது. போர் முடிந்து திரும்பி வந்து 1948-இல் மறுபடியும் ஜெர்மன் குடியுரிமை பெற்றார், 1957 அக்டோபரில் மேயர். அங்கிருந்து 1966-இல் வெளியுறவு அமைச்சர், 1969-இல் சான்சலர், அதாவது ஆட்சித் தலைவர். நடுவில் 1961-லும் 1965-லும் சான்சலர் வேட்பாளராக நின்று தோற்றும் இருக்கிறார்.

கேள்வி: பெர்லினில் அவர் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைத்தும் கூட்டணி வைத்தாராமே? யாராவது அப்படிச் செய்வார்களா? (தஞ்சாவூர் வாசகர்)

செய்தார், அதுவும் இரண்டு முறை. 1958 டிசம்பர் தேர்தலில் அவருடைய சமூக ஜனநாயகக் கட்சிக்கு 52.6 சதவீத வாக்கு. தனியாகவே ஆண்டிருக்கலாம். ஆனால் தேர்தலுக்குப் பத்து நாள் முன்புதான் சோவியத் தலைவர் குருஷேவ், மேற்கத்தியப் படைகள் ஆறு மாதத்தில் பெர்லினை விட்டு வெளியேற வேண்டும் என்று கெடு விதித்திருந்தார். அந்த நேரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கக் கூடாது என்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் கூடவே வைத்துக்கொண்டார். மூன்றாவது கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்காததால் சபையில் எதிர்க்கட்சி என்றே யாரும் இல்லை. அந்தச் சூழலில் அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்கு விலையும் கொடுத்தார். 1963 ஜனவரியில் கிழக்கு பெர்லினுக்கு வந்திருந்த குருஷேவ் பிராண்டைச் சந்திக்க அழைப்பு அனுப்பினார். போகலாம் என்றுதான் பிராண்ட் இருந்தார். ஆனால் கூட்டணிக் கட்சி, நீங்கள் போனால் நாங்கள் செனட்டிலிருந்து வெளியேறுவோம் என்று சொல்லிவிட்டது. கடைசி நேரத்தில் சந்திப்பை ரத்து செய்தார். தேவையே இல்லாத கூட்டாளி தன் கையைக் கட்டிப்போட இடம் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். அடுத்த மாதமே தேர்தல். அவர் கட்சிக்கு 61.9 சதவீதம், கூட்டாளிக்கு 28.8. இந்த முறை அவர்களை விட்டுவிட்டு, சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற சின்னக் கட்சியைச் சேர்த்துக்கொண்டார். இதுவும் எண்ணிக்கைக்குத் தேவைப்படாத கூட்டணிதான், ஆனால் இந்தத் தடவை தான் போக நினைத்த திசையில் கூட வரக்கூடிய கட்சியாகப் பார்த்துச் சேர்த்தார். ஆறு வருடம் கழித்து அவரை சான்சலர் ஆக்கியதும் இதே கட்சிதான்.

கேள்வி: பெர்லின் சுவர் எழும்பியபோது மேயராக அவர் என்ன செய்ய முடிந்தது? (கோவை வாசகர்)

அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. 1961 ஆகஸ்ட் 13, ஞாயிறு விடியற்காலை. தேர்தல் பிரசாரத்துக்காக ரயிலில் தூங்கிக்கொண்டு போனவரை எழுப்பிச் செய்தி சொன்னார்கள். ஹனோவரில் இறங்கி விமானம் பிடித்து ஓடி வந்தார். தெருவின் நடுவே முள்கம்பி. பெர்னாவர் தெருவில் வீடு கிழக்கில், வாசலுக்கு முன்னால் இருக்கும் நடைபாதை மேற்கில், அதனால் ஜனங்கள் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார்கள். மறுநாளே சான்சலர் அடேனாவர் ஒரு பிரசாரக் கூட்டத்தில் அவரை 'பிராண்ட், மறுபெயர் ஃப்ராம்' என்று பேசினார். ஊர் பற்றி எரிகிற நேரத்தில் பிறப்பைக் குத்திக்காட்டிய பேச்சு அது. எத்தனை முறை படித்தாலும் கோபம் வருகிறது.

அவர் செய்தது இரண்டு வருடம் கழித்து. 1963 கிறிஸ்துமஸுக்கு மேற்கு பெர்லின் மக்கள் கிழக்கில் இருக்கும் உறவினரைப் பார்த்துவர அனுமதிச் சீட்டு ஒப்பந்தம் போட்டார். கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடாகவே மேற்கு அங்கீகரிக்கவில்லை, அப்புறம் யாரோடு கையெழுத்துப் போடுவது? இடம், அதிகாரிகள், பதவிகள் ஆகியவற்றை எப்படிக் குறிப்பிடுவது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் உடன்பட்டார்கள்! மேற்கு பெர்லின் பள்ளிக்கூடங்களில் கவுண்டர் போட்டு, கிழக்கிலிருந்து வந்த தபால்துறை ஊழியர்கள் விண்ணப்பம் வாங்கினார்கள். டிசம்பர் குளிரில் ஜனம் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது. இரண்டரை வாரத்தில் சுமார் 12 லட்சம் முறை மக்கள் சுவரைக் கடந்து போய் வந்தார்கள். அம்மாவைப் பார்க்க ஒரே ஒரு நாள், நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். அவருடைய அரசியல் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் இதுதான், பின்னாளில் அவருக்குக் கிடைத்த அமைதிக்கான நோபல் பரிசைவிட.

கேள்வி: நாஜிக் கட்சியில் இருந்த ஒருவரின் அமைச்சரவையில் எப்படி உட்கார்ந்தார்? கொள்கை எங்கே போயிற்று? (திருச்சி வாசகர்)

நியாயமான கேள்வி, அவர் கட்சிக்காரர்களே அன்றைக்குக் கேட்டது. 1966-இல் பிராண்டின் கட்சியோடு கூட்டணி வைத்துச் சான்சலரான, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கீசிங்கர் 1933-இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், பிராண்ட் அதே வருடம் உயிர் தப்பி ஓடியவர். ஆனால் 1949-லிருந்து பிராண்டின் கட்சி மத்திய ஆட்சிப் பக்கமே போனதில்லை, இவர்களால் நாட்டை ஆள முடியுமா என்ற சந்தேகம் மக்களிடம் இருந்தது. அதைப் போக்க வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கிடைத்த வெளியுறவு இலாகாவை வைத்து ருமேனியாவோடும் யூகோஸ்லாவியாவோடும் தூதரக உறவைக் கொண்டுவந்தார். அதற்கு மேல் கூட்டாளி விடவில்லை.

கேள்வி: 1972-இல் இரண்டே ஓட்டில் தப்பித்தார் என்கிறார்களே? (நாகர்கோவில் வாசகர்)

ஆமாம். 1969-இல் அந்தச் சின்னக் கட்சியோடு சேர்ந்து, எதிரணியைவிட 12 இடம் அதிகமாக வைத்து ஆட்சி அமைத்தார். 30 உறுப்பினர்தான் கூட்டாளிக்கு, மூன்று அமைச்சர் பதவி கொடுத்தார், அதில் வெளியுறவும் உள்துறையும் அடக்கம். சோவியத்தோடும் போலந்தோடும் உடன்படிக்கை போட்டதும் ஆளும் அணி உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எதிரணிக்குத் தாவ ஆரம்பித்தார்கள். அங்கே ஆட்சியைக் கவிழ்ப்பது மட்டும் போதாது, அதே வாக்கெடுப்பில் அடுத்த சான்சலரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஏப்ரல் 27 அன்று எதிரணியின் பார்ட்செலுக்கு 249 ஓட்டு வேண்டும், கிடைத்தது 247. பார்ட்செலுக்கு ஓட்டுப் போடாமல் இருக்க எதிரணி உறுப்பினர் ஒருவருக்கு 50,000 மார்க் (ஜெர்மன் பணம்) கொடுத்ததைக் கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத் தலைவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பிராண்டுக்கு நான் எவ்வளவு வேண்டியவனாக இருந்தாலும், அந்த வெற்றியில் இருக்கும் கறையை மறைக்க மாட்டேன். நவம்பரில் மக்களிடமே போய் 45.8 சதவீதம் வாங்கி, போருக்குப் பிறகு முதல் முறையாகத் தன் கட்சியை நாட்டின் முதல் கட்சி ஆக்கினார் என்பதுதான் ஆறுதல்.

கேள்வி: கடைசியில் கூட்டாளிதான் காலை வாரினாரா? (சேலம் வாசகர்)

இல்லை. பிராண்டின் உதவியாளர் குய்யோம் கிழக்கு ஜெர்மனியின் உளவாளி என்று தெரிந்து 1974 ஏப்ரலில் கைதானார், மே மாதம் பிராண்ட் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். கூட்டணி, பிராண்டின் கட்சிக்காரரான ஷ்மிட் தலைமையில் 1982 வரை ஓடியது.

கேள்வி: பெர்லின் மக்கள் அவரை நினைவில் வைத்திருந்தார்களா? (புதுச்சேரி வாசகர்)

சுவர் திறந்த மறுநாள், 1989 நவம்பர் 10 மாலை, அவர் ஒன்பது வருடம் மேயராக உட்கார்ந்திருந்த ஷோனபெர்க் நகர மன்றத்தின் முன்னால் கூட்டம் திரண்டது. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி பேசியபோது பிராண்ட் பக்கத்தில் நின்ற அதே இடம். அன்றைய சான்சலர் கோல் பேசும்போது விடாமல் விசில் அடித்த அந்தக் கூட்டம், 75 வயது பிராண்ட் பேசும்போது கைதட்டியது.