கேசிங்கோடு சும்மா வரும் பவர் சப்ளையும் வேறு சில கேள்விகளும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், சாமானை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எழுதப்பட்டவை. வாங்க முதல் எழுதினால் உங்கள் காசும் மிஞ்சும், என் பொறுமையும் மிஞ்சும். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

இரண்டு லட்சத்துக்குள்ள நல்ல கொம்பியூட்டர் ஒண்டு சொல்லுங்கோ. – சாவகச்சேரி

எதற்கு? படிக்கவா, கேம் விளையாடவா, கல்யாண வீடியோ எடிட் பண்ணவா? மொனிட்டரும் அந்த இரண்டு லட்சத்துக்குள்தானா? இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள், பதில் வரும்.

மகன் ஏ.எல். சோதினை முடிஞ்ச கையோட சாமான் வாங்கித் தானே பூட்டினவன். புரொசஸர் ரைசன் 5 5600. ஃபேன் எல்லாம் சுத்துது, படம் வரேல்லை. மதர்போட் பழுதோ? – நெல்லியடி

நீங்கள் அனுப்பிய பட்டியலில் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. 5600 இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கடைசியில் ‘ஜி’ போட்ட 5600ஜி இல்தான் உண்டு. இன்டெலில் ‘எஃப்’ என்று முடிவதற்கும் இதே கதைதான். மதர்போட்டில் எச்டிஎம்ஐ துளை இருப்பதால் மட்டும் படம் வந்துவிடாது. மகன் பூட்டியதில் பிழை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, அவரை ஏச வேண்டாம். பில்லோடு கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேசிங் வாங்கினால் 500 வாட் பவர் சப்ளை சும்மா வருது. ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட் போடப் போறன். பிறகேன் தனியப் பவர் சப்ளை வாங்கவேணும்? – கொக்குவில்

தம்பி, இந்தக் கேள்விக்கு எத்தனை தரம் பதில் எழுதிவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்னொரு தரமும் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். முன்பக்கம் பெரிதாக அடித்திருக்கும் 500 ஐ விடுங்கள். ‘+12வி’ என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர்? என் மேசைக்கு வந்த ஒன்றில் 18 என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். இன்றைய புரொசஸரும் கிராபிக்ஸ் கார்ட்டும் இழுப்பதெல்லாம் இந்த 12 வோல்ட் வழியாகத்தான். மிச்சம் எல்லாம் 3.3, 5 வோல்ட் கணக்குகளைக் கூட்டி எழுதிய காகிதப் பெருமை. உங்கள் 4060 தனியே 115 வாட் இழுக்கும். புரொசஸர், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் கேம் ஓடும்போது 250 பக்கம் போகும். உண்மையான 500 வாட் என்றால் 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் அளவில் போட்டிருப்பான்.

லேபிளும் பொய் சொல்லும் என்பது வேறு கதை. மானிப்பாய்ப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற தம்பி ஒருவர் கொண்டுவந்தார். பவர் சப்ளை போகும்போது தனியே போகவில்லை. மதர்போட்டையும் இரண்டு ஹாட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. கழற்றிப் பார்த்தேன். கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் வடிகட்டும் சுருள் இருக்க வேண்டும். அங்கே சின்ன வயர்த் துண்டு ஒன்றை ஈயம் வைத்து ஒட்டியிருந்தான். கப்பாசிற்றர் பூட்ட அடையாளம் போட்ட இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. சமையலறைத் தராசில் வைத்தேன், முக்கால் கிலோகூட இல்லை. பக்கத்தில் கிடந்த நல்லதொன்று ஒன்றரைக் கிலோவுக்கு மேல். மூன்று கல்யாணப் படங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன. ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால் போதாதா என்று அடுத்த மாதம் யாரோ கேட்பீர்கள். அது எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும். வோல்ட் எகிறினால், ஷோர்ட் ஆனால் அணைந்து தன்னையும் மற்றச் சாமானையும் காக்குமா என்பது வேறு விசயம். அதற்குத் தரவுத்தாளில் ஓவிபி (வோல்ட் எகிறினால்), ஓசிபி (கரண்ட் கூடினால்), எஸ்சிபி (ஷோர்ட் ஆனால்) என்ற பாதுகாப்புகள் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருச வாரண்டி தருகிற 550 வாட் ஒன்றைத் தனியே எடுங்கள். காசு போதாவிட்டால் கண்ணாடிக் கேசிங்கையும் கலர் லைட்டையும் விடுங்கள். பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய பவர் சப்ளையின்ர கேபிள் புதுசிலயும் பொருந்துது. பாவிக்கலாமோ? – சுன்னாகம்

கூடாது. கழற்றிப் பூட்டும் கேபிள்களில் டிஸ்க் பக்க முனை எல்லாக் கொம்பனிக்கும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 போனால் எஸ்எஸ்டி அந்தக் கணமே முடிந்தது.

கேசிங்கைத் தொட்டால் சுர்ரெண்டுது. பழுதான சாமான் தந்திட்டாங்களோ? – ஊர்காவற்றுறை

பெரும்பாலும் இல்லை, ஐயா. உங்கள் வீட்டு எர்த்தைப் பாருங்கள். நல்ல பவர் சப்ளைக்குள் இரைச்சலை எர்த்துக்கு இறக்க இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் 230 இல் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், கேசிங்கில் வந்து நிற்கும். கரண்ட் மிகச் சிறிது, அதனால்தான் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் வேறொரு பழுது வந்தால் அது சுர்ரோடு நிற்காது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் செருகியிருக்கிறீர்களா? முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். பிறகு வயரிங் வேலை தெரிந்தவரைக் கொண்டு எர்த் கம்பியைச் சோதியுங்கள். மணல் தரையில் கோடைக்கு நிலம் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகும்.

14 கோர் சியோன் ஈ5-2680 வி4 சேர்வர் புரொசஸர், மதர்போட், 32 ஜிபி ராம் எல்லாம் சேர்த்து ஒரு கிட், சீனாவிலிருந்து. விலை நம்பேலாத குறைச்சல். எடுக்கலாமோ? – கோண்டாவில்

நம்ப முடியாத விலை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த ஈ5-2680 வி4 புரொசஸர் 2016 இல் வந்தது, சேர்வரில் ஓடிக் களைத்தது. ஆனாலும் அது திடகாத்திரமான சாமான், அதைப்பற்றிப் பயமில்லை. பயம் மதர்போட்டில்: பழைய போட்டுகளில் கழற்றிய சிப்செட்டைப் புதுப் போட்டில் ஒட்டி விற்பதுண்டு. பயோஸ் (மெசினை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் வராது, பழுதானால் கேட்க ஆளில்லை. உள்ளே கிராபிக்ஸும் கிடையாது. விண்டோஸ் 11 இன் ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. விளையாட்டாகப் பழக என்றால் எடுங்கள். தொழிலுக்கு என்றால் வேண்டாம்.

பாவிச்ச ஐ7-13700கே ஒண்டு மலிவா வருது. – திருநெல்வேலி

இன்டெல் 13, 14 ஆம் தலைமுறையில் வேகமான சில்லுகள் கூடுதல் வோல்ட்டால் தேய்ந்த கதை தெரியும்தானே? 2024 ஓகஸ்டில் அதற்கான மைக்ரோகோட், அதாவது புரொசஸருக்கான திருத்தம், பயோஸ் அப்டேட்டோடு வந்தது. அது இனித் தேயாமல் காக்கும், தேய்ந்ததை ஆற்றாது. முதல் சொந்தக்காரர் பயோஸ் அப்டேட் செய்தாரா என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

2 டிபி பென்டிரைவ், மூவாயிரம் ரூபா. நம்பலாமோ? – வல்வெட்டித்துறை

பொய். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற, உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள், 32 ஜிபிக்கு மேல் இருந்தாலே அதிசயம்.

கொழும்பு பம்பலப்பிட்டியில எடுத்தால் பத்தாயிரம் குறைய. அங்கயே எடுக்கட்டோ? – உரும்பிராய்

எடுக்கலாம், வாரண்டிக்குப் பஸ் ஏறிப் போக ஆயத்தமென்றால். ஒரு போட் பழுதாகி இரண்டு தரம் போய்வந்தால் அந்தப் பத்தாயிரம் போய்விடும். எங்கே எடுத்தாலும் பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு வருசம் என்றால் 350 நாள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எரிந்த தழும்பு, கறள், மின்னல் எதற்கும் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், இன்டர்நெட் வயரையும் சேர்த்து.

ஆறு மாதம் பூட்டி வச்ச மெசின், இப்ப மூண்டு தரம் பீப் அடிச்சு நிக்குது. – காரைநகர்

உப்புக் காற்று. பிளக்கைக் கழற்றிவிட்டு ராமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்க வேண்டும். அப்படியும் பீப் அடித்தால் எத்தனை பீப், எந்த மதர்போட் என்று எழுதுங்கள். போட்டின் பெயரை, பெட்டியின் பெயரை அல்ல.