தொழுவத்துக்குக் கரண்ட் எடுக்க வேண்டுமா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: அருமனை பக்கம் இருக்கிறோம். வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மாட்டுத் தொழுவம். இரண்டு லைட், ஒரு பிளக், 1 எச்.பி. புல் வெட்டும் மெஷின் வேண்டும். இப்போது அடுக்களை பிளக்கிலிருந்து மரத்துக்கு மரம் கட்டி வயர் இழுத்திருக்கிறோம். அதையே தடியான வயராக மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. அந்த வயரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். காற்றில் மரம் ஆட ஆட, கட்டிய இடத்தில் வயரின் தோல் தேய்ந்துவிடும். ஆனி, ஐப்பசி மழையில் ஈர மரத்துக்கே கரண்ட் இறங்கலாம்.

தொழுவத்துக்கு வீட்டு டி.பி. பாக்ஸிலிருந்தே (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) தனி லைன் எடுங்கள். அதற்கென்று 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே அணையும் சுவிட்ச்) ஒன்று, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் வெளியே கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஒன்று. இந்த லைனின் நியூட்ரல் அந்த ஆர்.சி.சி.பி.யிலிருந்துதான் போக வேண்டும். வீட்டின் பொது நியூட்ரலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் சும்மா சும்மா டிரிப் ஆகும். கடைசியில் யாராவது "இது தொல்லை" என்று ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிட்டுப் போவார்கள்.

கேபிள், மூன்று கோர் (உள்ளே மூன்று வயர்) செம்பு ஆர்மர்ட் (மேலே இரும்புக் கவசம் உள்ளது), 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). மெஷின் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான். ஸ்டார்ட் ஆகும்போது 40 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் 2.5 ஸ்கொயரில் 24 வோல்ட் வரை குறையும், 4 ஸ்கொயரில் 15 வோல்ட்தான். சாயங்காலம் வீட்டிலேயே 200 வோல்ட் என்றால், இந்த 9 வோல்ட் பெரிய வித்தியாசம்.

இனி எர்த். மாடு நான்கு காலையும் மூத்திர ஈரத்தில் வைத்து, கழுத்தை இரும்புக் கம்பியில் உரசிக்கொண்டு நிற்கும். நமக்குச் சுருக்கென்று அடிக்கிற கரண்ட் அதன் உயிரையே எடுக்கலாம். நம் செம்மண், சரல் பூமி பங்குனி வெயிலில் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. எர்த் 50 ஓம் தடை காட்டுகிறது என்று வையுங்கள்: மெஷின் பாடியில் பேஸ் பட்டாலும் நாலரை ஆம்பியர்தான் ஓடும், 20 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. ஆர்.சி.சி.பி. உடனே விழுந்து கரண்டை நிறுத்தும். அதனால்தான் அதைக் கட்டாயம் என்கிறேன். தொழுவத்துக்கு அருகிலேயே ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து எர்த் பைப் இறக்குங்கள். கேபிளின் எர்த் கோர், ஆர்மர், மாடு கட்டும் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாய் எல்லாவற்றையும் அதோடு இணைத்துவிடுங்கள். நியூட்ரல் இல்லையென்று எர்த்திலிருந்து லைட் எரிய வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

தொழுவத்தில் தண்ணீர் புகாத பாக்ஸ், லைட்டுக்கு 6 ஆம்பியர், பிளக்குக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., மெஷினுக்கு ஓவர்லோடு ரிலே (சுமை கூடினால் மோட்டாரை நிறுத்துவது) உள்ள ஸ்டார்ட்டர். லைசென்ஸ் உள்ள வயர்மேனையே கூப்பிடுங்கள். எர்த்தை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணலுக்கு நடுவே பதித்து, மேலே செங்கல் அடுக்கி மூடுங்கள். தோட்டத்துக்குக் குறுக்கே மட்டும் போகாதீர்கள். ரப்பர் கன்று வைக்கும் குழியும் கிட்டத்தட்ட அதே இரண்டரை அடிதான். மறுநடவுக்கு ஜே.சி.பி. இறங்கும் அன்று கேபிள் துண்டாகிவிடும். பத்து மீட்டர் கூடினாலும் பரவாயில்லை, நடைபாதை ஓரமாகவே கொண்டுபோங்கள்.