ராணுவ ஜெனரலாக இருந்து இந்தோனேசிய அதிபரான யுதோயோனோ எப்படிப்பட்ட தலைவர்?

சில வருடம் ஜகார்த்தாவில் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். அங்கே சுசிலோ பம்பாங் யுதோயோனோ என்று முழுப்பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், எஸ்பிஒய்தான். என் கணிப்பில், அவரை அதிபராக்கியது அவருடைய நிதானம். பதவிக்கு வந்தபின் அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததும் அதேதான்.

1949இல் கிழக்கு ஜாவாவின் பாச்சித்தான் பகுதியில் பிறந்தவர். 1973இல் ராணுவ அகாடமியில் முதல் மாணவராகத் தேறினார். மணந்துகொண்டது சார்வோ எதியின் மகளை. 1965இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய கமாண்டோ படைக்குத் தலைமை தாங்கினாரே, அவரேதான். கிழக்குத் திமோர், அமெரிக்கப் பயிற்சி, போஸ்னியாவில் ஐநா பணி என்று போனாலும், போர்வீரர் என்பதைவிடப் படித்த ஜெனரல் என்றே பெயர் எடுத்தார்.

அரசியலில் அவரைத் தூக்கிவிட்டதே அவரை ஒதுக்கியவர்கள்தான். 2001இல் பதவி ஆட்டம் கண்டிருந்த அதிபர் வாஹித், அவசரநிலைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். இவர் மறுத்தார், அமைச்சர் பதவி போனது. அடுத்து வந்த மேகவதி மறுபடி அமைச்சராக்கினார். 2004 தேர்தல் நெருங்கியபோது கூட்டங்களுக்கு அழைக்காமல் ஓரங்கட்டினார். மேகவதியின் கணவரோ, ஜெனரல் சின்னப்பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறார் என்று நக்கலடித்தார். எஸ்பிஒய் பதில் பேசவில்லை, ராஜினாமா செய்தார். ஜனங்களுக்கு அவர் மேல் பரிதாபம் வந்துவிட்டது. அந்த வருடம்தான் அங்கே மக்கள் முதன்முறையாக அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் இவருக்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

பதவியேற்ற இரண்டே மாதத்தில் சுனாமி. அச்சே மாகாணத்தில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2003இல் அதே அச்சேயில் ராணுவச் சட்டம் வந்தபோது பாதுகாப்பு விவகாரங்களைக் கவனித்த ஒருங்கிணைப்பு அமைச்சர் இவர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் 2005 ஆகஸ்ட் 15 அன்று பின்லாந்தின் ஹெல்சிங்கியில், அச்சேயைத் தனிநாடாக்கக் கேட்டுப் போராடிய கிளர்ச்சியாளர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சுவார்த்தையை நகர்த்திய புண்ணியம் துணை அதிபர் யூசுப் கல்லாவுக்கு. துருப்புகளைத் திரும்பப் பெறும்போது ராணுவம் முறுக்கிக்கொள்ளாமல் இருந்ததற்கு, மேலே ஒரு முன்னாள் ஜெனரல் உட்கார்ந்திருந்தது முக்கியக் காரணம் என்பேன். இருபத்தொன்பது வருடச் சண்டை அதோடு ஓய்ந்தது.

ஊழல் ஒழிப்பு ஆணையம் அவருடைய சம்பந்தியையே, அதாவது மத்திய வங்கியின் முன்னாள் துணை ஆளுநரையே, சிறைக்கு அனுப்பியது. இவர் குறுக்கே போகவில்லை. நம்மூரில் நினைத்துப் பார்க்க முடிகிறதா? 2009இல் முதல் சுற்றிலேயே ஜெயித்தார்.

இரண்டாவது ஐந்து வருடம் சொதப்பல். சொந்தக் கட்சியின் பொருளாளரும் தலைவரும் ஊழல் வழக்குகளில் உள்ளே போனார்கள். அகமதியாக்கள் என்ற சிறுபான்மை முஸ்லிம் பிரிவினர் மீது தாக்குதல் நடந்து, 2011இல் மூன்று பேர் அடித்தே கொல்லப்பட்டபோதும் அவர் கண்டன அறிக்கையைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இதற்கிடையே, அதிபராக இருந்துகொண்டே சொந்தப் பாடல்களை ஆல்பமாக வேறு வெளியிட்டுக்கொண்டிருந்தார்!

கடைசிக் கூத்து 2014 செப்டம்பரில். ஆளுநர், மேயர் பதவிகளுக்கு மக்களே ஓட்டுப்போடும் முறையை ஒழிக்கும் மசோதா வந்தது. எதிர்த்து ஓட்டுப்போட வேண்டிய அவருடைய கட்சி வெளிநடப்பு செய்தது, மசோதா நிறைவேறியது. சமூக ஊடகங்களில் ஜனங்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பதவி முடிய மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், அவரே ஓர் அவசரச் சட்டம் போட்டு நேரடித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்தார்.