வகுப்பில் கதை வாசித்துக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பிறர் வலி புரியுமா?

“மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் ஓயாமல் கேலி செய்கிறார்கள். கதை, பாட்டு வாசித்துக் காட்டினால் இரக்கம் வருமா? எப்படி வாசிக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள், ஒரு நாளைக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

வரும். ஆனால் கதையை வாசித்துவிட்டு மூடி வைத்தால் வராது. இத்தாலியில் 7 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2014 இல் வெளியானது. இரண்டு குழுக்களுக்கும் அதே கதைகளைத்தான் வாசித்தார்கள். ஒரு குழு கதையில் வருபவர்களின் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசியது, மற்றது கதையைப் படமாக வரைந்தது. பிறர் மனசைப் புரிந்துகொள்வதில் முன்னேறியது பேசிய குழுதான். ஆகவே உங்கள் பதினைந்து நிமிடத்தில் பாதி பேச்சுக்குப் போக வேண்டும். ஐந்நூறு சொல்லுக்கு மேல் நீளும் கதையை எடுக்காதீர்கள். நிதானமாக வாசித்தால் அதுவே ஆறேழு நிமிடம் ஓடிவிடும்.

எந்தக் கதை? நம் கை முதலில் நரி, முயல், சிங்கத்தின் பக்கம்தான் போகும். டொரண்டோ ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார்கள்: ஒன்றில் மனிதர்கள், மற்றதில் சட்டை போட்ட விலங்குகள். பிறகு தங்களிடம் இருந்த ஸ்டிக்கர்களை மற்றப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தவர்கள் மனிதர் கதை கேட்டவர்கள். அதற்காக விலங்குக் கதைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கேலியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் போன்றவர்கள் வரும் கதையிலிருந்து தொடங்குங்கள். காக்கா வடைக் கதையையே கூட மனிதர் கதையாக்கலாம். காக்காயைப் பார்த்துச் சிரிக்கிறோம், நரியை மெச்சுகிறோம். அடுப்பு முன்னால் வெந்து வடை சுட்ட பாட்டியை யாரும் கேட்பதில்லை. “பாட்டி திரும்பிப் பார்த்தாங்க, தட்டுல ஒண்ணு குறையுது” என்று ஒரு வரி சேர்த்து, அங்கே நிறுத்திப் பாருங்கள்.

நிறுத்தும் இடம்தான் எல்லாம். முதல் நாள் இரவு கதையை இரண்டு முறை வாய்விட்டு வாசித்து, பென்சிலால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம், கதை அறுந்துவிடும். ஒரு பாத்திரம் மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று செய்கிற இடத்தில் கோடு விழ வேண்டும். உதாரணத்துக்குச் சில வரிகள்:

“போட்டோ எடுக்கிற அண்ணன் வந்துட்டார். எல்லாரும் முன்வரிசைக்கு ஓடினாங்க. செல்வி மெதுவா வந்து ஓரத்துல உட்கார்ந்தா. புத்தகப் பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா.”

இங்கே நிறுத்திவிட்டு “செல்விக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டால், நாற்பது பேரும் ஒரே குரலில் “சோகமா” என்பார்கள். அது பதில் மாதிரி இருக்கும், ஆனால் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். “பையை ஏன் மடியில வச்சா?” என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற செயலைக் கேட்டால் அதன் காரணத்தைத் தேடிப் பிள்ளையே உள்ளே போகும். ஒருவன் “பை தொலைஞ்சுடும்னு” என்பான். ஒருத்தி “பாவாடை கிழிஞ்சிருக்கும்” என்பாள். சரி, தவறு என்று சொல்லாமல் “வேற?” என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது பதிலில்தான் அசல் வரும்.

கேட்ட பிறகு காத்திருப்பது இன்னும் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். உணர்ச்சி பற்றிய கேள்விக்கு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். கை தூக்குகிற அந்த நாலு பேரைத் தாண்டி உங்கள் பார்வை போக வேண்டும்.

இனி ஒரு சொல்லைப் பற்றி. தமிழ்ப் பிள்ளைகள் கதை கேட்டவுடன் சொல்வது “பாவம்”. நாம் அதைக் கேட்டுப் பூரித்துப்போகிறோம், இரக்கம் வந்துவிட்டது என்று. “பாவம்” என்பது பெரும்பாலும் மேலிருந்து கீழே பார்க்கிற சொல். அதைச் சொன்னதும் யோசனை நின்றுவிடும். திட்டாமல் ஏற்றுக்கொண்டு, “நீ பாவம்னு சொல்றது செல்வி காதுல விழுந்தா அவளுக்குப் பிடிக்குமா?” என்று கேளுங்கள். வகுப்பு அப்படியே அமைதியாகும். கேலிக்கு ஆளாகிற பிள்ளைதான் இதற்கு முதலில் பதில் சொல்லும், பெரும்பாலும்.

சொல்வளமும் வேண்டும். சந்தோஷம், சோகம், கோபம் என்ற மூன்றோடு நின்றால் மற்றதெல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஏக்கம், ஏமாற்றம், கூச்சம், அவமானம், பொறாமை, தவிப்பு, மனத்தாங்கல் என்று வாரத்துக்கு இரண்டு சொல் போதும். பொருள் எழுதிப் போட வேண்டாம், உடம்பில் எங்கே தெரியும் என்று கேளுங்கள். “தொண்டை அடைச்சுக்கும்”, “வயித்தைக் கலக்கும்”, “முகம் தொங்கிப்போகும்” என்று வீட்டில் பேசும் பேச்சே வந்து விழும். அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள்.

பாட்டுக்கு முறை வேறு, அங்கே கேள்வியைவிடக் குரல்தான் வேலை செய்யும். கவிமணியின் பசு, கன்று பாட்டில் ஒரு வரி பசுவுக்கு, அடுத்த வரி கன்றுக்கு என்று மாறி மாறி வரும். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பக்கம் மாற்றுங்கள். மூன்றாம் முறை பசுப் பக்கம் மட்டும் வாசிக்கட்டும், கன்று வரி வரும்போதெல்லாம் அதே நேர அளவுக்கு எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பசு கூப்பிடுகிறது, பதில் இல்லை. இரண்டாவது இடைவெளியிலேயே பிள்ளைகளின் குரல் தானாகத் தணியும். அதற்கு நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இப்படிப்பட்ட பாட்டுகளை ஒப்புவித்தல் போட்டிக்கு என்று கையை ஆட்டி, கழுத்தை வெட்டி, அடித்தொண்டையில் கத்தப் பழக்குகிறோம். சத்தத்துக்கும் சைகைக்கும் மதிப்பெண். தேர்வில் “இக்கதை உணர்த்தும் நீதி யாது?” என்று கேட்டு அதற்கும் மதிப்பெண். இந்த இரண்டும் சேர்ந்து, கேட்கிற பிள்ளைக்குக் கதையில் வேலையே இல்லாமல் செய்துவிட்டன. நீதியை நீங்கள் சொன்ன அந்த நொடியே பிள்ளை கதையை விட்டு வெளியே வந்துவிடும்.

பயமுறுத்தும் கதையும் நாம் நினைக்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளை வைத்து 2014 இல் வெளியான இன்னொரு ஆய்வு நேர்மையைப் பற்றியது. பொய் சொன்னவனைப் புலி தின்ற கதையை நாம் சொல்வதுபோல அங்கே ஓநாய்க் கதை. அதைக் கேட்ட பிள்ளைகள் உண்மையைக் கூடுதலாகச் சொல்லவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதையைக் கேட்டவர்கள் சொன்னார்கள்.

கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு மூன்று உண்டு. “நம்ம வகுப்புலயும் ஒரு செல்வி இருக்காளே” என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லிவிடாதீர்கள். கதை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த மறைப்பை நீங்களே பிடுங்கியதாகும், இடைவேளையில் அந்தப் பெயரே பட்டப்பெயராகும். திக்கிப் பேசுகிறவர், குண்டானவர், வேறு வட்டார வழக்கில் பேசுகிறவர் கதையில் வந்தால் குரலை மாற்றி நடிக்காதீர்கள். யாராவது விழும் இடத்தில் பிள்ளைகள் சிரித்தால் அதட்ட வேண்டாம். அதே வரியை இன்னொரு தடவை, பாதி வேகத்தில் வாசியுங்கள். ஏதாவது பிள்ளை அழுதால் எல்லார் முன்பும் ஏன் என்று விசாரிக்காமல் கதையை முடித்துவிட்டு, அப்புறம் தனியாகப் பக்கத்தில் உட்காருங்கள்.

“கதை படித்தால் மனசு மாறும் என்பதெல்லாம் பொய்” என்று இங்கே வந்து சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இலக்கியத்தில் ஒரு சிறு பகுதியைப் படித்ததுமே பிறர் மனம் கூடுதலாகப் புரிகிறது என்று 2013 இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2018 இல் வெளியான மீள்சோதனையில் அது தேறவில்லை. ஒரு கதை, ஒரு நாள், ஒரு மாற்றம் என்று நான் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள், ஒரே கதையைத் திரும்பவும் எடுத்து, குறைந்தது ஒரு பருவம் என்கிறேன்.

திரும்ப எடுக்கும்போது கேள்வி மாற வேண்டும். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையை முதல் நாள் மன்னன் பக்கமிருந்து பேசுங்கள்: மயில் நடுங்குவதாக அவருக்கு ஏன் தோன்றியது? அடுத்த வாரம் மயில் பக்கம்: போர்வையை வைத்துக்கொண்டு மயில் என்ன செய்யும்? அதற்கு அடுத்த வாரம், “மயில்கிட்ட முதல்ல என்ன கேட்டிருக்கலாம்?” பதில்களை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். பருவ முடிவில், கேலி செய்தே பழகிய பிள்ளைகளின் பதில்களை மட்டும் தனியாக எடுத்து, முதல் வாரத்துத் தாளோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.